வெள்ளையடித்த லயம்

தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான ஐந்தாம் லயத்தின் பின்சுவரில் முதற் காகிதத் துண்டை ஒட்டியவள் சுப்பம்மா. சோற்றுக் கஞ்சியை விரலால் தொட்டு, சுவரில் ஓடிய வெடிப்பின் இரு கரைகளிலும் தடவி, பள்ளிக்கூடக் கொப்பியிலிருந்து கிழித்த தாளைக் குறுக்கே வைத்து உள்ளங்கையால் அழுத்தினாள்.

"காயத்துக்குக் கட்டுப் போட்டாச்சு. இனி லயம் எந்திரிச்சு நடக்கும் பாரு," என்றாள்.

கூடி நின்ற பெண்கள் சிரித்தார்கள். நிலூஷாவும் சிரித்தாள். யதுர்சன் மட்டும் சிரிக்கவில்லை. கண்டியில் இயங்கிய ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தின் களப்பணியாளன் அவன், யாழ்ப்பாணத்துக்காரன், வேடிக்கைப் பேச்சு அவனுக்குச் சற்றுத் தாமதமாகவே புரியும்.

"சிரியாதேங்கோ அக்கா. இந்தத் தாள் கிழிஞ்சால், சுவர் இன்னும் விலகுது எண்டு அர்த்தம். பிறகு ஒருத்தரும் வந்து, 'இது பழைய வெடிப்பு'  எண்டு தப்பேலாது."

"கிழியலேன்னா?"

"கிழியாட்டில் சந்தோசம்தானே."

அடுத்த மழையிலேயே தாள் கிழிந்தது. இன்னொன்றை ஒட்டினார்கள், அதுவும் கிழிந்தது. சுப்பம்மா கஞ்சிச் சட்டியுடன் நான்காம் லயத்துக்கும் போய் அங்கிருந்த வெடிப்புகளிலும் தாள் ஒட்டி வந்தாள். கலஹாவுக்கும் தெல்தோட்டைக்கும் இடையில், செங்குத்தான சரிவொன்றில் கிடக்கும் தாழமலைத் தேயிலைத் தோட்டத்தில், மலை மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது என்பதற்கு அந்தக் கிழிந்த தாள்களே சாட்சி.

நிலூஷா அத்தோட்டத்தின் பிள்ளைமடுவத்தில் வேலை செய்தாள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் தம் குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் அது. யதுர்சனின் தூண்டுதலால் தோட்டத்து மக்கள் அமைத்துக்கொண்ட சங்கத்துக்கு அவளே செயலாளர், சுப்பம்மா தலைவி. சுப்பம்மாவின் கணவர் கறுப்பையா, தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவர். 'வீட்ல ரெண்டு தலைவர் இருந்தா உலைய யாரு வைக்கிறது' என்று லயத்தில் கேலி செய்வார்கள். உலையையும் சுப்பம்மாதான் வைத்தாள்.

சங்கம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். நான்காம், ஐந்தாம் லயங்களை இந்தச் சரிவிலிருந்து எடுத்து, தோட்டத்தை நிர்வகிக்கும் தொரையின் பங்களாவுக்குக் கீழேயுள்ள சமதரைக் காணியில் வீடு கட்டித் தர வேண்டும். தோட்ட அலுவலகத்தில் கேட்டபோது, காணி அரசாங்கத்தினுடையது, அங்கே கேளுங்கள் என்றார்கள். அரசாங்க அலுவலகத்தில் கேட்டபோது, அது கம்பனியின் பொறுப்பிலுள்ள நிலம், அங்கே கேளுங்கள் என்றார்கள். ஒரு நாட்டின் குடிமக்கள் தாம் குடியிருக்கும் மண்ணுக்கு யார் பொறுப்பு என்று கேட்டு அலுவலக வாசல்களில் காத்துக் கிடந்தார்கள். விடை சொல்லும் கடமை தமக்குண்டு என்று எந்த மேசையும் நினைக்கவில்லை.

யதுர்சன் வந்த பிறகே அவர்கள் மன்றாடுவதை விட்டார்கள். பாதுகாப்பான வீடு என்பது கருணை அன்று, உரிமை. லயத்தைப் பராமரிப்பது கம்பனியின் தயவு அன்று, கடமை. இதைக் கோயில் முற்றத்தில் உட்கார்ந்து திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தான். அவன் துணையோடு சங்கம் முறைப்பாடு செய்தது. நெடுநாள் கழித்து, நிலச்சரிவு அபாயத்தை ஆராயும் குழுவொன்று நேரில் வரும் என்று பதில் வந்தது. அக்குழு முதலாம் பட்டியலில் சேர்த்தால் மாற்றுக் காணி கிடைக்கும். மழைக் காலத்தில் எச்சரிக்கை கிடைக்கும். தங்குவதற்குப் பள்ளிக்கூடம் திறக்கப்படும். இரண்டாம் பட்டியல் என்றால், 'அவதானிப்பில் உள்ளது' என்ற ஒரு வரி மட்டுமே கிடைக்கும்.

குழு வருவதற்கு முந்திய நாள் நிலூஷா கண்டியில் இருந்தாள். வாவியைப் பார்த்தபடி நிற்கும் ஒரு விடுதியின் மண்டபத்தில், 'உள்ளூர் அபிவிருத்தியில் மனித உரிமைகள்' என்ற தலைப்பில் பயிற்சிப் பட்டறை நடந்தது. பன்வில, கலஹா, தெல்தோட்டைப் பக்கத்துச் சங்கங்களிலிருந்து பெண்கள் வந்திருந்தார்கள். குளிரூட்டியின் காற்றுத் தாங்காமல் சேலைத் தலைப்பால் போர்த்திக்கொண்டு, பெரிய வெள்ளைத் தாள்களில் வண்ணப் பேனையால் தத்தம் ஊர்க் குறைகளை எழுதினார்கள்.

தேநீர் இடைவேளையில் சுப்பம்மா தொலைபேசியில் அழைத்தாள். அவள் குரலில் சிரிப்பு இருந்தது.

"புள்ள, ஒரு சங்கதி தெரியுமா? தொரை லொறியில சுண்ணாம்பு அனுப்பியிருக்காரு. சிமெந்தும் வந்திருக்கு. நாம கேக்கவே இல்ல."

"நெசமாவா அக்கா?"

"பின்ன? எத்தன வருஷமா கேட்டும் ஒரு வாளி குடுக்காத மனுஷன். சங்கம்னா இப்பத்தான் பயம் வந்திருக்கு. எங்க வீட்டுத் தலைவரு மீசைய முறுக்கிக்கிட்டுத் திரியிறாரு, என்னமோ அவரே வாங்கிக் குடுத்த மாதிரி."

நிலூஷா மண்டபத்துக்குள் போய் அதைச் சொன்னாள். எல்லாரும் கை தட்டினார்கள். பட்டறையை நடத்தியவர் பலகையில் 'வெற்றிகள்' என்று எழுதி, அதன் கீழே தாழமலையின் பெயரைப் போட்டார். யதுர்சனும் தட்டினான். படித்தவர்களும் படிக்காதவர்களுமாக அத்தனை பேர் இருந்த அந்த மண்டபத்தில், அந்தச் சுண்ணாம்பு எந்தச் சுவரில் ஏறப்போகிறது என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

மறுநாட் காலை பேராதனைச் சந்தியில் குழுவின் ஜீப்பில் நிலூஷாவும் யதுர்சனும் ஏறிக்கொண்டார்கள். குழுவின் தலைவர் ஸமீம் என்ற புவியியல் அதிகாரி, கம்பளையைச் சேர்ந்தவர், பண்பாகப் பேசினார். கலஹாவைத் தாண்டிய பின் பாதை கெட்டது. கடைசி வளைவு திரும்பியதும் எதிர்ச் சரிவில் இரண்டு லயங்களும் தெரிந்தன.

வெளேரென்று இருந்தன. பசுமைக்கு நடுவே, புதிதாகத் துவைத்து விரித்த வேட்டிகள் போல.

நிலூஷாவுக்கு முதலில் வந்தது பெருமைதான். நம் லயம் இவ்வளவு அழகா என்று அவள் மனம் ஒரு கணம் பூரித்தது. பிறகுதான் தாள்களின் நினைவு வந்தது.  யதுர்சனைப் பார்த்தாள். அவன் ஏற்கெனவே நெற்றியில் கை வைத்திருந்தான்.

தோட்டத்து மக்கள் பாதையின் இரு புறமும் நின்றார்கள். இஸ்தோப்புத் திண்ணைகள் சாணமிட்டு மெழுகப்பட்டிருந்தன. சுப்பம்மா வீட்டு வாசலில் வெள்ளைத் துணி விரித்த கதிரை ஒன்று காத்திருந்தது. தோட்ட அலுவலகக் கிளாக்கர் வீட்டில் இரவல் வாங்கிய பூப்போட்ட கோப்பைகள் தட்டில் அடுக்கப்பட்டிருந்தன. தொரையும் வந்திருந்தார், ஓரமாக நின்றார், அதிகம் பேசவில்லை. அவர் பேசவேண்டிய தேவையும் இருக்கவில்லை.

"வெடிப்பெல்லாம் எந்தப் பக்கம்?" என்று கேட்டார் ஸமீம்.

கறுப்பையா முகம் மலர முன்னால் வந்தார். "எல்லாம் அடைச்சாச்சுங்க சேர். சிமெந்து வச்சி அடைச்சி, மேல சுண்ணாம்பு ரெண்டு வாட்டி அடிச்சிருக்கோம். பெரியவங்க வர்ற நேரத்துல அசிங்கமா இருக்கக் கூடாதுல்ல?"

ஸமீம் யதுர்சனைத் திரும்பிப் பார்த்தார். யதுர்சன் தன் கைத்தொலைபேசியை நீட்டினான். அதில் கிழிந்த தாள்களின் படங்கள் இருந்தன. அவர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார்.

"தாள் தெரியுது, வெடிப்புத் தெரியுது. எந்த லயத்துச் சுவர்ண்டு இதுல தெரியல்லயே தம்பி. கிட்டக்க நிண்டு எடுத்திருக்கீங்க."

நிலூஷா ஓடிப்போய்த் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி ஒன்றை எடுத்து வந்து பின்சுவரைச் சுரண்டினாள். ஈரச் சுண்ணாம்பு அவள் கையில் அப்பியது. உள்ளே சிமெந்துக் கோடு ஒன்று வெளிப்பட்டது.

"இங்கதான் சேர். இந்தக் கோடு மூலையிலிருந்து மூலைக்குப் போகும். கையே உள்ள போற மாதிரி இருந்திச்சு."

"இப்ப இது பூசின வெடிப்பு, தங்கச்சி. விலகுதா, நிண்டுட்டுதாண்டு இத வச்சி நான் எப்படிச் சொல்லேலும்? நான் கண்ணால காணுறதத்தான் எழுதேலும்."

"மேல மலையில ஒரு பொளவு இருக்கு. வாங்க காட்டுறேன்."

ஏறிப் போனார்கள். தேயிலைச் செடிகளுக்கு நடுவே நீளமாக வாய் திறந்து கிடந்த பிளவில் மண் போட்டு, மிதித்து, சருகு பரப்பியிருந்தார்கள். அதிகாரிகள் கால் இடறி விழுந்துவிடக் கூடாது என்று கறுப்பையாவே ஆட்களை வைத்துச் செய்த வேலை அது. நிலூஷா சருகைக் காலால் விலக்கினாள். சிவந்த மண் தெரிந்தது. வெறும் மண்ணாகத்தான் தெரிந்தது.

ஸமீம் இறங்கி வந்து கதிரையில் உட்கார்ந்தார். மறுத்தால் மனம் நோவார்கள் என்று தேநீரையும் குடித்தார். "தாள மறுபடியும் ஒட்டுங்க. மழை முடிய நான் இன்னொருக்கா வாறன்," என்று நிலூஷாவிடம் தனியே சொன்னார். அந்த வார்த்தையில் பொய் இல்லை. ஆனால் மழைக்கு அது தெரியாது.

ஜீப் போன பிறகு நிலூஷா இஸ்தோப்பில் அமர்ந்தாள். கையிலிருந்த சுண்ணாம்பு காய்ந்து வெடிக்கத் தொடங்கியிருந்தது.

"தாள் மேலயே பூசிட்டீங்களே அக்கா. நீங்க ஒட்டின தாளு."

சுப்பம்மா கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "கிழிஞ்ச தாள் ஒட்டின சுவர வெளியாளுக்குக் காட்டச் சொல்றியா? கிழிஞ்ச உள்பாவாடையக் கொடியில போட்டுட்டு, வாங்க உக்காருங்கன்னு சொல்ற மாதிரி இருக்கு."

"அதக் காட்டத்தானே அக்கா அவங்கள வரச் சொன்னோம்?"

சுப்பம்மாவின் கை நின்றது. கோப்பையைத் தட்டில் கவிழ்த்து வைத்துவிட்டு வாசலைப் பார்த்தாள்.

"யது தம்பி, நீங்க சொல்லுங்க. லயத்துக்கு வெள்ளையடிக்கிறது கம்பெனியோட கடமைன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க? குடுத்தாங்க. வாங்கினோம். தப்பா?"

யதுர்சன் வாசற்படியில் நின்றான். "இல்லை அக்கா. நீங்கள் செய்தது பிழை எண்டு நான் என்னெண்டு சொல்லுறது? நானும் கை தட்டினனான்."

லயத்துக்கும் சுண்ணாம்புக்கும் உள்ள உறவை அவன் எந்தப் பட்டறையிலும் கற்றிருக்க முடியாது. வெள்ளைக்காரத் தொரைமார் காலந்தொட்டு, மேலிடத்திலிருந்து யாராவது லயம் பார்க்க வந்தால் முதல் நாளே வெள்ளையடிக்கப்படும். வாசல் அழுக்காக இருந்த வீட்டுக்காரனைக் கங்காணி எல்லார் முன்னிலையிலும் ஏசுவான். அன்றைக்கு வேலை இல்லை என்று திருப்பி அனுப்புவான். பார்க்க வருகிறவனுக்கு நோயையும் ஈரத்தையும் மறைத்து, நெஞ்சு நிமிர்த்திச் சிரித்து நிற்க வேண்டும் என்பது பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து அடித்துப் பழக்கிய பாடம். அப்பாடத்தைக் கற்பித்தவர்கள் அதை மறந்துவிடவில்லை. ஆகவேதான் லொறியில் சுண்ணாம்பையும் சிமெந்தையும் மட்டும் அனுப்பினார்கள். ஆணை எதையும் அனுப்பவில்லை.

பட்டியல் வந்தது. தாழமலையின் இரு லயங்களும் இரண்டாம் பட்டியலில் இருந்தன. 'அவதானிப்பில் உள்ளது.'

"அவதானிக்கிறாங்களாம்," என்றாள் சுப்பம்மா. "நாங்களும் இத்தன வருஷமா அவங்களத்தான் அவதானிச்சுக்கிட்டு இருக்கோம்."

அவள் மறுபடியும் கஞ்சிச் சட்டியை எடுத்தாள். ஆனால் புதுச் சுண்ணாம்பில் தாள் ஒட்டவில்லை. ஒட்டிய மறுநாளே பொடியோடு உதிர்ந்து விழுந்தது. உதிர்ந்தது சுவர் நகர்ந்ததாலா, சுண்ணாம்பாலா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

ஐப்பசி மழை கார்த்திகைக்கும் நீண்டது. கொழுந்து பறிக்கும் வேலை நிறுத்தப்பட்டது, தேயிலை ஆலையில் மட்டும் வேலை நடந்தது. பக்கத்துத் தோட்டத்தின் முதலாம் பட்டியல் லயங்களுக்கு ஒலிபெருக்கி வைத்த முச்சக்கர வண்டி வந்து, எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போகும்படி அறிவித்தது. அந்தக் குரல் பள்ளத்தாக்கைக் கடந்து தாழமலைக்கும் கேட்டது. தாழமலைக்கு வண்டி வரவில்லை.

நிலூஷா பிள்ளைமடுவத்தில் இருந்த ஆலைத் தொழிலாளரின் குழந்தைகளை ஆலைக்குப் பக்கத்திலுள்ள கோயிலுக்கு அனுப்பிவிட்டு, காலை வெளிச்சம் மங்கிக் கிடந்த மழையில் லயத்துக்கு ஏறினாள். மலையிலிருந்து பீலிக் குழாயில் வரும் தண்ணீர் செம்மண் நிறமாயிருந்தது. சுப்பம்மாவின் வீட்டுக் கதவு சட்டத்தில் இறுகித் திறக்க மறுத்தது. உள்ளிருந்து அவள் உதைத்துத் திறந்தாள்.

"அக்கா, கெளம்புங்க. எல்லாரும் கோயிலுக்குப் போவோம்."

"ஆபீஸ்ல இருந்து சொல்லலியே புள்ள. ஸ்கூலும் பூட்டிக் கெடக்கு. கிராம சேவகருக்குப் போன் பண்ணினேன். ரெண்டாம் பட்டியலுக்கு ஒன்னும் வரலேன்னு சொல்றாரு."

"பட்டியல் கெடக்கட்டும். கதவு சிக்குது பாத்தீங்களா? சுவர் நகருது."

சுப்பம்மா கதவைப் பார்த்தாள். அதன்பிறகு அவள் தாமதிக்கவில்லை. லயத்தின் நீளத்துக்கும் நடந்து ஒவ்வொரு காம்பராவின் கதவையும் தட்டினாள். கிழடு கட்டைகளை ஏசி எழுப்பினாள். கைக்குழந்தைக்காரிகளை முன்னே தள்ளினாள். சிலர் அசைய மறுத்தார்கள். "சர்க்கார் பாத்துட்டுப் போயிருக்கு. ஆபத்துன்னா சொல்ல மாட்டாங்களா?" என்று கடைசிக் காம்பராவின் இருளப்பன் கேட்டார்.

"நீ இவங்களக் கூட்டிக்கிட்டு எறங்கு புள்ள. இந்த மனுஷன இழுத்துக்கிட்டு நான் பின்னால வர்றேன்," என்றாள் சுப்பம்மா.

நிலூஷா இறங்கினாள். கோயிலின் முதற்படியில் கால் வைத்தபோது மழைச் சத்தத்துக்கு அடியில் வேறொரு சத்தம் கேட்டது. திரும்பினாள். மூட்டத்தினூடே ஐந்தாம் லயத்தின் வெள்ளைச் சுவர் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அது விழவில்லை. நின்ற நிலையிலேயே, முழுசாக, கீழ்நோக்கி நடந்தது. சிறிது தூரம் நடந்து வந்த பின்னரே மடிந்தது. அதன் மேல் தேயிலைச் செடிகள் வரிசை குலையாமல் இறங்கின.

ஆலையில் இருந்த கறுப்பையா ஓடி வந்தபோது அங்கே லயம் என்று சொல்ல எதுவும் இருக்கவில்லை. சுப்பம்மாவையும் இருளப்பனையும் அருகருகே எடுத்தார்கள். அவள் கை அவருடைய சட்டையைப் பற்றியபடி இருந்தது. மற்றவர்களை எடுக்க இயந்திரம் வர வேண்டியிருந்தது.

அதன்பின் வாகனங்கள் வந்தன. கமெராக்கள் வந்தன. அரிசியும் பாயும் வந்தன. பூட்டியிருந்த பள்ளிக்கூடம் திறந்தது. நான்காம் லயம் எஞ்சி நின்றது; அதை மறு ஆய்வு செய்யக் குழு மீண்டும் வருகிறது என்று யதுர்சன் தகவல் கொண்டு வந்தான். அவன் உரிமை என்ற சொல்லை அன்று உச்சரிக்கவில்லை.

செய்தி கேட்டதும் பள்ளிக்கூடத்தில் இருந்த பெண்கள் எழுந்தார்கள். ஒருத்தி துடைப்பத்தை எடுத்தாள். இன்னொருத்தி கோப்பை வாங்கக் கிளாக்கர் வீட்டுப் பக்கம் நடக்கத் தொடங்கினாள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. கால்கள் தாமாகப் போயின. யாரோ ஒரு கதிரையையும் தூக்கி வந்து நான்காம் லயத்து வாசலில் போட்டார்கள்.

கறுப்பையா வந்து நின்றார். சவரம் செய்யாத முகம். கதிரையின் மேல் துணி விரிப்பதைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்துக்குள் வைத்துவிட்டு, கவ்வாத்துக் கத்தியுடன் திரும்பினார்.

"கூட்டாதீங்க," என்றார். "தேத்தண்ணியும் வேணாம்."

நான்காம் லயத்தின் பின்சுவரில் கத்தியைக் குறுக்காக வைத்துச் சுரண்டினார். வெள்ளைப் பொடி அவர் கைகளிலும் மார்பிலும் கொட்டியது. நிலூஷா ஒரு கத்தி எடுத்தாள். துடைப்பம் வைத்திருந்தவளும் எடுத்தாள். சிறிது நேரத்தில் சுவர் நெடுகப் பெண்கள் நின்றார்கள். சுரண்டும் சத்தம் மட்டும் கேட்டது. சிமெந்து கட்டியாக உதிர்ந்தது. உள்ளே வெடிப்பு, அடைத்தபோது இருந்ததைவிட அகலமாக, கருமையாகத் திறந்தது.

கறுப்பையா ஓரிடத்தில் கத்தியை நிறுத்தினார். சுண்ணாம்புக்கு அடியில் கொப்பித் தாளின் துண்டு ஒன்று இருந்தது. நடுவில் கிழிந்திருந்தது. அதன் ஓரத்தில் கஞ்சி தொட்ட விரலின் அடையாளம் காய்ந்து பதிந்திருந்தது. அதைச் சுற்றியிருந்த இடத்தைச் சுரண்டினார், அதைத் தொடவில்லை.

ஜீப் வந்து நின்றது. ஸமீம் இறங்கி நடந்து வந்தார். வாசலில் கதிரை இல்லை. வாங்க என்று சொல்ல ஒருவரும் முன்வரவில்லை. அவர் நேரே சுவருக்குப் போய் வெடிப்புக்குள் விரல்களை விட்டார், உள்ளங்கை போயிற்று, மணிக்கட்டு வரை போயிற்று. கையை மெதுவாக வெளியே எடுத்தார்.

"இது அண்டைக்கே இருந்ததா?"

"இருந்திச்சுங்க," என்றார் கறுப்பையா.

"அப்ப ஏன் மறச்சீங்க?"

கறுப்பையா கத்தியிலிருந்த சுண்ணாம்பை விரலால் வழித்தார். "அன்னைக்கு நீங்க விருந்தாளி சேர்."

ஸமீம் பையிலிருந்து படிவத்தை எடுத்தார். தூறல் தொடங்கியது. நின்றபடியே எழுதத் தொடங்கினார், தாள் நனைந்தது. நிலூஷாவின் கை, வந்தவருக்குக் குடை பிடிக்கும் பழக்கத்தில், பக்கத்திலிருந்த குடையை நோக்கிப் போயிற்று. அதைப் பிடித்தாள், விரிக்கவில்லை. மடித்த குடையை மார்போடு அணைத்துக்கொண்டு, அவர் எழுதி முடிக்கும் வரை மழையில் நின்றாள்.